என் தாடையின் சில்லு

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ இருந்தபோது உன்னோடு பேசவில்லை. நீ போன பிறகு உன்னைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் ஏதோ ஒரு கௌரவம் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் கௌரவமும் சலித்துவிட்டது.

என் மேஜை மேல் ஒரு பெயிண்ட் சில்லு கிடக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. பிஸ்கட் துண்டு மாதிரி கனம். முன்பக்கம் மாநிறம். அது என் தாடை. நீ வரைந்த என் தாடை. எர்ணாவூரில் என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கன்டெய்னர் லாரிகளின் புழுதி உள்ளே வருகிறது. மூடினால் இந்தச் சில்லின் வாசனை அறை முழுக்க நிற்கிறது. எனாமல் வாசனை. இவ்வளவு காலம் கழித்தும் அது உள்ளே முழுசாகக் காயவில்லை. நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்குகிறது. 'நான் அப்போதே சொன்னேன்' என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. கேட்பதற்குத்தான் நீ இல்லை.

போன மாதம் ரோசி போன் செய்தாள். உன் மனைவியின் குரலை எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு கேட்கிறேன். தான் யாரென்று சொல்லவில்லை, நலம் விசாரிக்கவில்லை.

"அண்ணே, உன் மூஞ்சி கொட்டிகினு கீது. வந்து பாரு" என்றாள்.

எழுந்து போய்க் கண்ணாடியைப் பார்த்தேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய். பார்த்தேன்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். உன் நினைவாக ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். முன்பு உன் படங்களைக் காட்டிய அதே தென்சென்னை ஹால். உன் மகள் ஓடியாடி ஏற்பாடு செய்கிறாள். நடுச்சுவரில் நீ என்னை வரைந்த 'கேட்' படம்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அளவெடுக்கச் சுவரிலிருந்து இறக்கியபோது முகம் மட்டும் செதில் செதிலாகக் கழன்றிருக்கிறது. சரிசெய்ய ஆளை அனுப்புகிறோம் என்று அவர்கள் சொன்னதற்கு ரோசி முடியாது என்றுவிட்டாள். முன்பின் தெரியாதவன் கையில் கொடுக்கமாட்டாளாம். முகத்துக்குச் சொந்தக்காரனே பெயிண்ட் கம்பெனியில் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று என்னைக் கேட்டாள்.

போனை வைத்தேன்.

ஓவியக் கல்லூரியில் வடசென்னையில் இருந்து போனவர்கள் அந்த வருடம் நாம் இரண்டு பேர்தான். நீ ராயபுரத்து மீனவர் சந்து. உன் வீட்டுக்குச் சொந்தமாக ஒரு போட் இருந்தது. நான் திருவொற்றியூர் ஃபிட்டர் மகன். வகுப்பில் நாம் வாயைத் திறந்தாலே சிரித்தார்கள். நான் ஆறே மாதத்தில் என் பேச்சை மாற்றிக்கொண்டேன். நீ மாற்றவில்லை. அவர்கள் சிரிக்கச் சிரிக்க இன்னும் கெட்டியாகப் பேசினாய். பிற்பாடு அதே பேச்சை அவர்கள் அதிசயமாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அதுவும் என் கணக்கில் இருக்கிறது.

எனக்குக் கை இருந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கும் ஆளின் நெற்றியிலிருந்து பாதம்வரை மனதுக்குள் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தால், மூக்கு நுனி எங்கே விழுகிறது, முட்டி எங்கே விழுகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். கோடு நான் அனுப்பிய இடத்துக்குப் போகும். சும்மா வந்த கை இல்லை அது. பழைய பேப்பர் கடையில் அள்ளிவந்த ஒரு பக்கத் தாள்களில் வருடக்கணக்காகக் கை, காது, செருப்பு என்று போட்டுப் போட்டு வந்தது. உனக்கு அந்தப் பொறுமை இல்லை. நீ வரைந்த ஆட்களுக்கு ஒரு கால் நீளமாக இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் நழுவி விழப்போகிற மாதிரி இருப்பான்.

ஒருநாள் காசிமேட்டில் அலைதடுக்கும் கல்லணையில் உட்கார்ந்து போட்டுகளை வரைந்துகொண்டிருந்தோம். நீ எட்டி என் தாளைப் பார்த்தாய். வெகுநேரம் பார்த்தாய்.

"உன் போட்டு கரீட்டா மெதக்கும் மாமு. என்து முழுவிடும்" என்றாய். பிறகு உன் தாளைத் தட்டிக் காட்டினாய். "ஆனா மீனு என் போட்டுலதான் கீது."

பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அதில் விஷம் இருப்பதாகத் தோன்றவில்லை.

எனக்கு இதில் ஒரு தீர்மானமான கருத்து இருந்தது, இப்போதும் இருக்கிறது. கையைப் பழக்காதவன் தான் நினைத்ததை வரைவதில்லை. கைக்கு என்ன வருகிறதோ அதை வரைந்துவிட்டு, அதைத்தான் நினைத்தேன் என்று சொல்லிக்கொள்கிறான். பழக்கிய கைதான் சுதந்திரமான கை. உன்னிடம் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எல்லாம் தெரிந்த கை தெரிந்ததையேதான் திரும்பத் திரும்பப் போடும் என்பாய் நீ. நம் இருவருக்கும் நடந்த சண்டை மொத்தமும் இதுதான். மற்றதெல்லாம் இதற்கு மேல் பூசியது.

படிப்பு முடிந்ததும் அப்பா படுத்துவிட்டார். எண்ணூர் நெடுஞ்சாலையில் இருக்கும் பெயிண்ட் தொழிற்சாலையில், நிறப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். கொஞ்ச நாளைக்குத்தான் என்று உன்னிடம் சொன்னேன். வேலை இதுதான்: தயாராகி வரும் பெயிண்டை ஒரு தகட்டில் பூசி, மாதிரித் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரே நிறம்தானா என்று பார்க்கவேண்டும். ட்யூப்லைட்டில் பார்க்கவேண்டும், பிறகு வெளியே எடுத்துப்போய் வெயிலில் பார்க்கவேண்டும். லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறம் வெயிலில் வேறு வேறாகிவிடும். வித்தியாசம் தெரிந்தால் ஒரு துளி கறுப்பு, ஒரு துளி மஞ்சள் சேர்க்கச் சொல்லவேண்டும். ஓவியம் படித்தவனின் கண்ணுக்கு அவர்கள் வைத்த மதிப்பு அது. அந்த ஒரு துளியிலேயே என் வாழ்க்கை போய்விட்டது.

நிறம் தவறிய டின்களை எங்களுக்குக் கொடுப்பார்கள். நான் எல்லாவற்றையும் உனக்குக் கொடுத்தேன். நீ அவற்றை வைத்துத்தான் வரைந்தாய். எனாமலை வைத்துப் படம் வரைவது உன் சொந்தப் பாணி என்று பிறகு எழுதினார்கள். நிறம் தவறியதால் உனக்கு வந்த டின் என்று யாரும் எழுதவில்லை. நீயும் சொல்லவில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் உன்னிடம் கெஞ்சினேன். உன் வீட்டு மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், நீ ஒரு பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் இன்னொன்றை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கமுடியவில்லை. கீழே காயாமல் மேலே பூசாதே என்றேன். மேல்தோல் முதலில் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும், சுருங்கும், ஒருநாள் மொத்தமாகக் கழன்று விழும் என்று தகட்டைக் கொண்டுவந்து காட்டினேன். நீ தூரிகையை நிறுத்தவில்லை.

"காயற வரிக்கும் மூஞ்சி நிக்குமா மாமு?" என்றாய்.

ஒரு நாள் டின் வாங்கத் தொழிற்சாலை வாசலுக்கு வந்திருந்தாய். ஷிப்ட் முடிந்து நான் வெளியே வந்தேன். பாதுகாப்பு ஆள் பையைச் சோதித்து அனுப்பினான். இரும்பு கேட்டைத் தாண்டி இரண்டடி வைத்திருப்பேன், "அப்டியே நில்லு" என்றாய். உன் கண் வேறு மாதிரி ஆகியிருந்தது. நின்றேன்.

படம் பெரிதாக வந்தது. யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் கேட்டின் கம்பிகள், புழுதி படிந்த சுவர். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாய். கை வரைய வராததால்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் கம்பிகளை ஒரே மூச்சில் இழுத்திருந்தாய். மறுபடி தொடவே இல்லை. அந்தக் கம்பிகள் நன்றாக இருந்தன; சொல்லிவிடுகிறேன், மிக நன்றாக இருந்தன. முகம்தான் வரவில்லை. மூடிவிட்டு மறுபடி போட்டாய். மறுபடி மூடினாய். ஒரு நாளைக்கு இரண்டு முகம்கூடப் போட்டாய். ஓர் அரைமணி நேரம் என்னிடம் தூரிகையைக் கொடுத்திருந்தால் என் முகத்தை நானே முடித்துக் கொடுத்திருப்பேன். சொல்லியும் பார்த்தேன். "உன் மூஞ்சி உனக்கு தெரியாது" என்றாய்.

கண்காட்சி திறந்த மாலையை நீ மறந்திருக்கமாட்டாய். நான் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, திருவொற்றியூரில் ரயிலேறி, இரண்டு பஸ் மாறி வந்தேன். ஹால் நிறைய ஆட்கள். எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். நான் என் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். தாடை பளபளவென்று இருந்தது. அது பழக்கம்தான், வேறொன்றும் இல்லை: தகட்டைச் சோதிப்பதுபோலக் கட்டைவிரல் நகத்தால் மெல்ல அழுத்தினேன். நகம் உள்ளே போனது. பிறை மாதிரி ஒரு பள்ளம் விழுந்துவிட்டது.

நீ எனக்குப் பின்னால் நின்றிருந்தாய். கூடவே உன்னைக் கொண்டாட வந்தவர்கள்.

"பாத்தீங்களா?" என்றாய் அவர்களிடம். "படத்த பாக்கல. காஞ்சிச்சா இல்லியான்னு பாக்கறான். டெக்னிக் எல்லாம் இவுனுக்குதான் தெரியும், எனக்கு ஒண்ணும் தெரியாது. அதான் கேட்டாண்ட நிக்கிறான்."

சிரித்தார்கள். என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பெண்மணி அருமையாகச் சொன்னீர்கள் என்றார். உன் கை என் தோளில் இருந்தது. நீ அதைச் செல்லமாகத்தான் சொன்னாய் என்று பிற்பாடு பலர் வந்து எனக்கு விளக்கினார்கள். செல்லமாகச் சொன்னால் உண்மை மாறிவிடுமா? நான் கேட்டில்தான் நின்றேன். அதைச் சுவரில் மாட்டி விளக்குப் போட்டுக் காட்டியது நீ.

அன்றோடு பேச்சு முடிந்தது. நீ போன் செய்தாய், எடுக்கவில்லை. கல்லூரி நண்பன் ஒருவனைத் தூது அனுப்பினாய், அவனோடும் பேச்சை வெட்டிக்கொண்டேன். டின்கள் நின்றுபோயின.

அதற்குப் பிறகு என் கதையில் சொல்ல ஒன்றும் இல்லை. அதே கூடம், அதே தகடுகள். நிறத்தை அளக்க ஓர் இயந்திரம் வந்தது. என்னிடம் வேலை பழகியவன் அதை இயக்கக் கற்றுக்கொண்டு எனக்கு மேலதிகாரியானான். வீட்டில் பீரோவுக்குப் பின்னால் என் படங்கள் சுவரைப் பார்த்து நிற்கின்றன. ஒன்றில்கூடப் பிழை கிடையாது. பார்த்தவர்கள் எல்லோரும் போட்டோ மாதிரியே இருக்கிறது என்றார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் சொல்ல ஒன்றும் இல்லை, எனக்கும் கேட்க ஒன்றும் இல்லை. நீயோ பேட்டிக்குப் பேட்டி டெக்னிக் தெரியாது என்று சொல்லிக்கொண்டே போனாய். நான் ஒவ்வொன்றையும் படித்தேன். அது பிழைப்புக்கு வேண்டிய பொய்யாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

உன் சாவுக்கு யூனிஃபார்மோடுதான் வந்தேன். சந்து முனையில் நின்றுவிட்டேன். மாதா கோவில் மணி அடிக்கும்போது திரும்பிவிட்டேன்.

ரோசி கூப்பிட்டதற்கு நான் போனது உனக்காக இல்லை. முகம் கழன்று விழுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று போனேன். நான் சொன்னது நடந்திருக்கிறதல்லவா.

ரோசிக்குத் தலை நரைத்துவிட்டது. காசிமேட்டில் வியாபாரத்தை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். டிவிக்கு மேலே, உங்கள் கல்யாணத்துக்கு நான் பரிசாக வரைந்து கொடுத்த அவளுடைய படம் அப்படியே தொங்கியது. ஒரே அமர்வில் முடித்தது. ஒரு விரிசல் இல்லை, மங்கல் இல்லை. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"அது அப்டியேதான் கீது அண்ணே. நான்தான் மாறிட்டேன்" என்றாள்.

பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது டீயோடு இறங்கவில்லை.

'கேட்' படத்தை மாடி அறையில் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். கம்பிகள் நேற்றுப் போட்ட மாதிரி உறுதியாக இருந்தன. யூனிஃபார்ம், அட்டை, சுவர் எல்லாம் நன்றாக இருந்தன. முகத்தில் மட்டும் பெயிண்ட் ஓர் அடை மாதிரி தடித்து, வெடித்து, ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. நெற்றியில் பாதி தொங்கியது. தாடை இருந்த இடத்தில் பள்ளம். படத்துக்குப் பின்னால் போய் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், மொத்த முகமும் உதிர்ந்துவிடும். சரிசெய்யும்போது விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அந்த ஹாலில் யாரோ ஓர் ஆள், முகம் இல்லாத ஆள், கேட்டுக்கு முன்னால் நிற்பான். அவர்கள் அதையும் மெச்சுவார்கள். நான் அங்கிருந்து போய்விடலாம்.

தட்டுவதற்காகக் கையைப் பின்னால் கொண்டுபோனேன். ரோசி அதற்குள் ஒரு டிபன் டப்பா மூடியை நீட்டினாள். விழுந்த சில்லுகளைப் பொறுக்கி அதில் வைத்திருந்தாள். மேலாகக் கிடந்தது இந்தச் சில்லு.

எடுத்துப் பார்த்தேன். உடைந்த விளிம்பில் பூச்சுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. ஒரு தோல் நிறம், அதன்மேல் மூடுவதற்கு அடித்த நீலம், மறுபடி தோல் நிறம், மூடச் செம்மண் நிறம், மறுபடி தோல் நிறம், வெள்ளை. பென்சில் முனையால் கோடு போட்ட மாதிரி மெல்லிய அடுக்குகள். எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை. அந்த நீலமும் செம்மண்ணும் எங்கள் தொழிற்சாலையில் செய்கிற வீட்டுப் பெயிண்ட் இல்லை. போட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்.

திருப்பினேன். சில்லின் பின்பக்கம், வழவழப்பாக இருக்கவேண்டிய இடத்தில், ஒரு பிறை புடைத்துக்கொண்டிருந்தது. படத்தில் தாடைப் பள்ளத்தைப் பார்த்தேன். அங்கே அதே பிறை, குழிந்து. என் கட்டைவிரல் நகம்.

உனக்கு இதை விளக்கவேண்டியதில்லை. படிக்கப்போகிற ரோசிக்காக எழுதுகிறேன். அந்த மாலையில் என் நகம் பதித்த குழிமேல் பூசிய பெயிண்ட் குழியை நிரப்பியிருக்கிறது. கழன்றபோது குழியின் அச்சு அதன் முதுகில் வந்திருக்கிறது. அப்படியென்றால் என் கையில் இருந்த சில்லு முழுவதும், அத்தனை அடுக்கும், நான் அந்த ஹாலை விட்டு வெளியேறிய பிறகு போட்டவை.

ரோசியிடம் கேட்டேன்.

"உனக்கு தெரியாதா?" என்றாள். "வருசா வருசம் மீன்புடி தடைக்காலத்துல போட்ட கரையில ஏத்தி பெயிண்டு அடிச்சிகினு இருப்பாங்கல்ல. அப்போ மிச்சத்த எட்த்துகினு வந்து உன் மூஞ்சிக்கும் ஒரு கோட்டிங் வுடுவாரு. எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும். இன்னாடா, போட்டு முடிஞ்சிச்சா, உன் தோஸ்து மூஞ்சி முடிஞ்சிச்சான்னு கேப்பானுங்க."

படத்தை ஏன் விற்கவில்லை என்றேன். படம் இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிடுவாயாம்.

அவளுடைய செல்போனில் கடைசித் தடைக்காலத்தில் எடுத்த ஒரு படம் இருந்தது. மாடி அறையில் நீ நிற்கிறாய், பின்னால் 'கேட்'. விரலால் பெரிதாக்கி முகத்தைப் பார்த்தேன். மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. கண் குழிக்குள் சரியாக உட்கார்ந்திருந்தது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், நேராக விழுந்தது. டெக்னிக் தெரியாது என்று பேட்டி கொடுத்துக்கொண்டே, என் ஒருத்தன் முகத்தில் வருடம் ஒரு தடவை நீ பழகியிருக்கிறாய். அது எனக்கு அதிர்ச்சியாக இல்லை, ஆத்திரமாகத்தான் இருந்தது. அதிர்ச்சி வேறொன்றில்: மீசை நரைத்திருந்தது. இடது புருவத்துக்கு மேல் எனக்கு ஐந்தாறு வருடமாக இருக்கும் தழும்பும் இருந்தது. நீ என்னைப் பார்த்தது அந்த ஹாலில்தான் கடைசி.

இதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

ரோசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன் கம்பெனி கேட்டுக்கு எதிர்ல டீ கடை கீதே, அங்க வந்து குந்தினு இருப்பாரு. நீ ஷிப்ட் முட்ச்சி வெளிய வருவல்ல, அத்த பாத்துட்டு பஸ் ஏறிடுவாரு. கூப்ட்றதுதானேன்னு நானே திட்டிகிறேன்."

"ஏன் கூப்பிடல?"

"கூப்டா நீ மூஞ்சிய மாத்திக்குவியாம்."

நான் மாடிக் கைப்பிடிச் சுவரோரம் போய்த் துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்தேன். ரோசி கீழே போய்விட்டாள்.

உன்மேல் எனக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நினைக்காதே. சாலைக்கு அந்தப் பக்கம் நீ டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். இந்தப் பக்கம் நான் வருடா வருடம் பையைச் சோதிக்கக் கொடுத்துவிட்டு, தெரியாமலே உனக்கு மாடலாக நின்றிருக்கிறேன். நடுவே லாரிகள். ஒரு சத்தம் போட்டிருக்கலாம். திட்டியாவது கூப்பிட்டிருக்கலாம். நான் முகத்தை மாற்றிக்கொண்டிருப்பேன், உண்மைதான். மாற்றிக்கொண்ட முகத்தையும் வரைந்திருக்கலாம் அல்லவா?

ஒரு வாரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியிலேயே நீ கையைப் பழக்கியிருந்தால் அந்த முகம் ஒரே நாளில் வந்திருக்கும். வந்திருந்தால் படம் முடிந்திருக்கும், விற்றிருப்பாய், என்னை மறந்திருப்பாய். என் திறமை எனக்கு அதைத்தான் செய்தது. ரோசியை ஓர் அமர்வில் முடித்தேன். அதன் பிறகு அவள் முகத்தை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கத் தேவைப்படவில்லை. நரைத்தது எனக்குத் தெரியாது. நீ சொன்னது சரி என்று இதற்கு அர்த்தம் இல்லை. கைப்பழக்கம் இல்லாததால்தான் உன் படம் கொட்டுகிறது, அதைக் கைப்பழக்கம் உள்ளவன்தான் தாங்கிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே ஆளிடம் இருந்திருக்கவேண்டும். இரண்டு பேரிடம் பிரிந்து இருந்தது. அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். படத்தைத் தரையில் படுக்கவைத்து, நீர்த்த பசையை வெதுவெதுப்பாக்கி, மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு செதிலுக்கு அடியிலும் விட்டேன். மேலே எண்ணெய்த்தாள் வைத்து, சின்ன மணல் மூட்டையால் அழுத்திக் காத்திருந்தேன். ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. நெற்றி படிந்தது. கன்னம் படிந்தது. வேலை செய்தவனுக்குத் தெரிந்தே இருந்தது, அவன் தன்னைத்தானே அந்தக் கேட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று. ஹாலில் நிற்கப்போகிறேன், மறுபடியும். முன்பு நீ நிறுத்தினாய், இப்போது நானே நின்றுகொண்டேன்.

கடைசியில் தாடை மட்டும் மிச்சம். இந்தச் சில்லை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தேன். பூட்டில் சாவி போகிற மாதிரி உட்கார்ந்தது. அதைச் சுற்றி நொறுங்கிப்போன பகுதிக்குத்தான் புதிதாகப் பெயிண்ட் வேண்டும். நிறம் கலந்தேன். ட்யூப்லைட்டில் பார்த்தேன், மாடிக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்தேன். இரண்டிலும் ஒன்றாக இருந்தது. அரைமணி நேர வேலை. யாருக்கும் தெரியாது. ரோசி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயே வரைஞ்சிடு அண்ணே. உன் மூஞ்சிதானே" என்றாள்.

தூரிகையைத் தோய்த்துவிட்டேன். தாடைக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. கை தயாராகவே இருந்தது. போட்டால் முடிந்துவிடும். நீ இத்தனை தடைக்காலம் முடிக்காமல் வைத்திருந்தது என் கையால் ஒரே அமர்வில் முடிந்துபோய்விடும். பிறகு அதுவும் டிவிக்கு மேலே தொங்குகிற படம் மாதிரி ஆகிவிடும்.

தூரிகையைத் துடைத்து வைத்தேன். பள்ளத்தின் ஓரங்களை மட்டும் இனிமேல் உதிராதபடி ஒட்டினேன். சில்லை எடுத்துக்கொண்டேன்.

"தாடையில பள்ளம் கீதே அண்ணே. கேப்பாங்களே."

"கேட்கட்டும்" என்றேன்.

"ரெண்டு பேரும் ஒரே பேஜாரு" என்று டிபன் டப்பா மூடியைக் கழுவ எடுத்துப்போனாள்.

கண்காட்சி அடுத்த வாரம். நான் போகப்போவதில்லை. அந்த ஹாலை நான் மன்னிக்கவில்லை, உன்னையும்தான். தோளில் கை போட்டுக்கொண்டு நீ சொன்ன வார்த்தை, எத்தனை பூச்சு பூசினாலும், அடியில் அப்படியே இருக்கிறது. அதன்மேல் பூசிக்கொண்டே இருந்தாய் என்பதையும் இப்போது தெரிந்துகொண்டேன். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, கேட்டைத் தாண்டியதும் கால் தானாக நின்றுவிடுகிறது. எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சைப் பார்க்கிறேன். யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் வருபவர்கள் இடித்துக்கொண்டு திட்டுகிறார்கள். முகத்தை மாற்றாமல் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போகிறேன்.

சில்லை என் அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள், என் போட்டோவுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளப்போகிறேன். போட்டோ என்னை மாதிரியே இருக்கிறது. சில்லின் புடைப்பு அதை லேசாக முன்னால் தள்ளும். பாதுகாப்பு ஆள் கேட்டால் பெயிண்ட் சாம்பிள் என்று சொல்வேன். பொய் இல்லை.

இந்தக் கடிதத்தை ராயபுரத்து விலாசத்துக்கே, உன் பெயருக்கே அனுப்புகிறேன். ரோசி பிரிப்பாள். நீ உன் படங்களில் ஈரத்திலேயே, பெரிதாகக் கையெழுத்துப் போடுவாய். நான் பார்த்துவிட்ட எந்தத் தகட்டிலும் என் பெயர் கிடையாது, எண் மட்டும்தான் இருக்கும். அந்தப் படத்தில் இப்போது மூலையில் உன் பெயரும், தாடைப் பள்ளத்தில் என் நகமும் இருக்கின்றன. அது போதும். இதன் கீழே ஒன்றும் எழுதாமல், நாளைக் காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.